பதினோராவது பொறி

அத்தியாயம் 9

குகதாசனின் வலது முழங்கால் இனி ஆற்றங்கரைச் சேற்றுக்கு உதவாது என்று டொக்டர் சொல்லி மூன்று கிழமை ஆகியிருந்தது. அதை ஏற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு கிழமை பிடித்தது. மூன்றாவது கிழமை அந்தக் கடிதம் வந்தது.

ரோடிங் ஆற்றில் பதினான்கு பொறிகள் அவர் பொறுப்பில் இருந்தன. மிங்க் பிடிக்கிற பொறிகள். கீரியின் உருவமும் எண்ணெய் தடவினதுபோல் பளபளக்கும் கறுத்த மயிரும் கொண்ட அமெரிக்கப் பிராணி அது. ஒரு காலத்தில் பணக்காரப் பெண்களின் கோட்டுக்காக இங்கே கொண்டுவந்து பண்ணைகளில் வளர்த்தார்கள். தப்பியவை ஆறுகளில் பெருகி, கரையில் வளை தோண்டி வாழும் நீரெலிகளைத் தின்னத் தொடங்கின. மிஞ்சியிருக்கும் நீரெலிகளைக் காப்பாற்ற ஓர் ஆற்றுப் பாதுகாப்பு அமைப்பு ஆள் வைத்து மிங்க் பிடித்தது. செவன் கிங்ஸில் இருந்து விடிய எழும்பிப் போகிற அந்த ஆள் குகதாசன்.

பொறிகளைத் தன் தங்கச்சியின் மகன் யனுஷனிடம் கொடுத்துவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார், வான் வண்டியின் திறப்பைக் கையில் கொடுப்பதுபோல. அமைப்பின் கடிதம் அதற்கு இடம் வைக்கவில்லை.

பொறி வைக்கும் அனுமதி அட்டை ஒருவர் பெயருக்கு மட்டும் உரியது. எழுதிக் கொடுக்க முடியாது. புதிதாக வருபவர் ஒரு நாள் வகுப்பும் இரண்டு நாள் ஆற்றுப் பயிற்சியும் முடித்து, நாற்பது கேள்விப் பரீட்சையைக் கணினியில் எழுத வேண்டும். பழையவரோடு இரண்டு முறை பொறிகளைச் சுற்றிவர வேண்டும். கடைசியில், கையளிக்கும் நாளில், பழையவரையும் வாய்மொழியாகப் பத்துக் கேள்வி கேட்பார்கள். ஏனென்றால், தவறாகப் பழகியவர் தவறையும் சேர்த்தே கையளிப்பார்.

கடிதத்தின் இந்தக் கடைசி வசனத்தை மகள் மிதுஷா அப்பாவுக்குச் சொல்லவில்லை. “சும்மா ரெண்டு மூண்டு கேள்வி கேப்பினமாம்” என்று மட்டும் சொன்னாள்.

“நீ வருவாய்தானே?”

“வருவன் அப்பா. வீட்டாக்கள் மொழிபெயர்க்கலாம் எண்டு போட்டிருக்கு.”

அந்த வீட்டில் ஆங்கிலத்தில் வரும் எதுவும் அவள் கையால்தான் போகும். பதினொரு வயதில் தொடங்கிய வேலை. வங்கியில் இருந்து அழைத்து “மிஸ்டர் குகதாசனா?” என்று கேட்டால், குரலைத் தாழ்த்தி “யெஸ்” என்பாள். கையெழுத்தும் அவளே. ஒருமுறை குகதாசன் தானே போய்க் கையெழுத்து வைத்தபோது, பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லி வீடே சிரித்தது. எல்லாப் படிவத்துக்கும் ஒரு பிரதி எடுத்து, மடிக்கணினியில் ‘அப்பா’ என்ற கோப்புறையில் போட்டு வைப்பாள்.

அந்தக் கோப்புறையில் மூன்று வருடத்துக்கு முந்திய பரீட்சையும் விடைகளோடு இருந்தது. ஆங்கில வகுப்பில் பாதி விளங்காமல் இருந்துவிட்டு வந்தாலும், ஆற்றுப் பயிற்சியை அப்பா தானே செய்தார். கைவேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பயிற்சியாளர் எழுதிக் கொடுத்தார். நாற்பது கேள்வியை மட்டும் மிதுஷா தன் வேலையிடத்தில், சாப்பாட்டு நேரத்தில், பதினெட்டு நிமிடத்தில் எழுதி முடித்தாள். முப்பத்தொன்பது சரி. முப்பத்தோராவது கேள்விக்கு விடை பிழையாகிவிட்டது. அந்த ஒன்றுக்காக அன்று மாலை முழுக்க அவளுக்கு மனம் சரியில்லாமல் இருந்தது.

அப்பாவின் பரீட்சையைத் தான் எழுதியதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

*

வெள்ளிக்கிழமை. கையளிக்கும் நாள்.

மனைவி சிவகௌரி தலையில் ஈரத் துவாயோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, அந்த ஐஸ் பெட்டியில கிடக்கிறதுகளை இண்டைக்காவது கொண்டுபோய்க் குடுங்கோ. கோயிலுக்குப் போற நாளில எனக்குக் கொட்டில் பக்கம் பாக்கவே ஏலாமல் கிடக்கு.”

பிடிபட்ட ஒவ்வொரு மிங்கையும் இலக்கத் துண்டு கட்டி, உறைய வைத்து, அமைப்பிடம் கொடுக்க வேண்டும். தோலை உரித்து எடுக்கக்கூடாது. தோட்டத்துக் கொட்டிலில் அதற்கென்று ஒரு குளிர்பெட்டி இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைப் பழுதான பெட்டி என்றுதான் சிவகௌரி சொல்வாள். ஈஸ்ட் ஹாம் கோயிலில் கேட்பவர்களுக்குப் புருஷன் தண்ணி டிப்பார்ட்மெண்டில் வேலை.

“ரெண்டுதான் இருக்கு” என்றார் குகதாசன். “நீ நாலு பேருக்குக் கேக்கிற மாதிரிக் கத்தாதை.”

“கேட்டால்தான் என்ன? உள்ளதுதானே.”

“அப்ப கோயில்ல ஏன் சொல்லுறாயில்லை?”

சிவகௌரி உள்ளே போனாள். யனுஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வானின் கதவைத் திறந்தான். இருபத்து நாலு வயது. பிளேஸ்டோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரண்டு வருடமாக இரவு வேலை. படிக்க வந்த படிப்பு பாதியில் நின்றது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை.

“மச்சாள், லாப்டொப்புக்கு தாங்ஸ்” என்றான். “பரீட்சையைச் செவ்வாய்க்கிழமையே எழுதி அனுப்பிட்டன்.”

“பாசோ?”

“பாஸ்தான். வேலையை விடுறன் எண்டு நேற்றுப் பெற்றோல் ஸ்டேசனுக்கு நோட்டீஸும் குடுத்திட்டன்.”

“இண்டைக்கு முடியட்டும் எண்டு பார்த்திருக்கலாமே.”

“இனி அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்க என்னால ஏலாது மச்சாள்.”

யனுஷன் ஓட்டினான். குகதாசன் முன்னால், காலை நீட்டி இருந்தார். மிதுஷா பின்னால், கயிறுகளுக்கும் கையுறைகளுக்கும் இடையில் உட்கார்ந்தாள். அப்பாவின் வானுக்குள் அவள் ஏறியது இதுவே முதல் தடவை. வானுக்குரிய கடதாசிகள் அத்தனையையும் அவள்தான் நிரப்பியிருந்தாள்.

பக்கச்சுவரில் ஓர் ஆணியில் இரும்புத் தகடொன்று தொங்கியது. நடுவில் முட்டை வடிவத்தில் ஓட்டை. ஓட்டையில் கட்டிய கம்பியில் பதினான்கு பூட்டுகளின் திறப்புகள்.

அந்த ஓட்டையை அவளுக்குத் தெரியும். எங்கே பார்த்தாள் என்று ஞாபகம் வர வான் இரண்டு சந்தி கடந்தது. இருபத்து மூன்றாவது கேள்வி. படம் போட்டிருந்தார்கள்.

“அப்பா, இந்தத் தகடு எதின்ரை?”

“எது? அதோ. பதினோராம் கூட்டின்ரை வாய்த்தகடு. ஐப்பசி வெள்ளத்துக்கு மரமொண்டு அடிச்சுக் கழண்டு வந்தது. குப்பை கூளம் உள்ள போகாமல் போட்டிருக்கிறாங்கள். திறப்புக் கொழுவ வசதி.”

கண்ணாடியில் யனுஷனின் கண்கள் அவளைப் பார்த்தன.

“மாமா, அது குப்பைக்கில்லை” என்றான் மெதுவாக. “நீர்நாய்க்கு. மிங்க் அந்த ஓட்டையால போகும். நீர்நாய் பெருசு, போகாது. நீர்நாயைப் பிடிக்கிறது இஞ்ச சட்டப்படி குற்றம்.”

“உனக்கு ஆர் சொன்னது?”

“வகுப்பில சொன்னவை.”

குகதாசன் முன்கண்ணாடி வழியே வீதியைப் பார்த்தார்.

*

முதல் பத்துப் பொறிகளில் ஒன்றும் சிக்கியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு மிதவை. மேலே மரத்தால் ஒரு சுரங்கம். அதற்குள் கம்பிக் கூடு. யனுஷன் முழங்கால் சப்பாத்தோடு இறங்கிப் பார்த்துவிட்டுக் கையசைப்பான். குகதாசன் கரையில் தடியை ஊன்றி நின்று, எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். மேலே பெருந்தெருவின் இரைச்சல் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பதினோராவது பொறி ஒரு வில்லோ மரத்தின் கீழே இருந்தது. அங்கே குகதாசன் கரைக்கே வரவில்லை. இருபது அடி தள்ளி நின்றுவிட்டார்.

“அப்பா?”

“ஐப்பசியில இதுக்குள்ள ஒண்டு கிடந்தது.”

மிதுஷா அவரைப் பார்த்தாள்.

“முதல்ல பெரிய மிங்க் எண்டுதான் நினைச்சன். வெள்ளத்தில மிதவை சரிஞ்சு கூடு தண்ணிக்குள்ள. தூக்கிப் பார்த்தால் வால் இவ்வளவு தடிப்பு. நீர்நாய்க் குட்டி. காலைப் பார்த்தன், விரலுக்கு நடுவில தோல். கை மாதிரி இருந்தது பிள்ளை.” தடியால் வில்லோவின் வேரைக் காட்டினார். “உதிலதான் கிடங்கு வெட்டித் தாட்டனான்.”

“ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“ஆருக்குச் சொல்லுறது? போன் நம்பர் அட்டைக்குப் பின்னால இருக்குத்தான். எடுத்தால் நான் என்ன கதைக்க? உன்னட்டைத்தான் சொல்ல வேணும். உனக்கு அந்தக் கிழமை நைட் ஷிப்ட். படுத்திருந்தாய்.”

அவள் எழும்பியிருப்பாள். எழுப்பினால் எழும்பி, பேசி, திரும்பப் படுத்திருப்பாள்.

“அப்பா, பரீட்சையில இந்தக் கேள்வி இருந்தது.”

“எந்தப் பரீட்சை?” என்று கேட்டார் குகதாசன்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அப்படி ஒன்று நடந்தது அவர் மனதில் இல்லை. ஒரு நாள் மிதுஷா, “அப்பா, எல்லாம் முடிஞ்சுது, அட்டை தபாலில வரும்” என்று சொன்னாள். அட்டை வந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த பரீட்சை.

மிதுஷா வேலை செய்வது ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில். அங்கே இரத்தம் எடுத்த குழாயில் ஒட்டிய பெயர் மாறியிருந்தால், இரத்தம் எவ்வளவு நல்லதென்றாலும் எறிந்துவிட வேண்டும். போன மாதம் தன்னோடு வேலை செய்யும் பெண்ணொருத்தி அப்படி ஒன்றை எறியாமல் வைத்துக்கொண்டாள். மேலிடத்துக்கு முறையிட்டது மிதுஷாதான். அந்தப் பெண் அழுதபோது இவளுக்கு இரக்கம்கூட வரவில்லை. இப்போது வில்லோவின் கீழே நிற்கையில் காதுமடல்கள் சுட்டன.

யனுஷன் திறப்புகளைக் கம்பியில் இருந்து கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டான். ஆற்றில் இறங்கி, தகட்டை அதன் இடத்தில் வைத்து நாலு திருகாணியையும் முறுக்கினான். கரையேறி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான்.

“மச்சாள், அவை கேட்டால்தானே. பத்துக் கேள்விதான். இது வராது.”

“வந்தால்?”

“மொழிபெயர்க்கிறது நீங்கள்தானே.”

*

நீரேற்று நிலையத்துக்குப் பின்னால், தகரத்தால் ஆன ஒரு சிறு அலுவலகம். அமைப்பின் அலுவலர் ஜூடித், அறுபதை நெருங்கியவர், அவர்கள் உள்ளே வந்ததும் எழுந்து குகதாசனுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். முழங்காலைப் பற்றி விசாரித்தார். உறைந்த பொதிகள் இரண்டையும் வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

அந்த அன்பு மிதுஷாவைக் கூசச் செய்தது. கடுமையான ஆளாக இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

ஜூடித் ஆங்கிலத்தில் கேட்டார். மிதுஷா தமிழில் கேட்டாள். குகதாசன் பதில் சொன்னார். மிங்கின் அடிச்சுவடு எப்படி இருக்கும், சுவடு பதியும் களிமண் தட்டை எப்போது ஈரமாக்குவது, கையுறை எதற்கு. எல்லாமே சரி. அவர் சொல்வது புத்தகத்தில் இல்லாத அளவுக்கு நுணுக்கமாக இருந்தது. ஜூடித் இரண்டு இடத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

ஆறாவது கேள்வி. பொறியை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

“ஒவ்வொரு நாளும் காலமை பாப்பன். கடும் மழையெண்டால் விட்டிட்டு அடுத்த நாள் போவன்.”

“ஒவ்வொரு நாளும் காலையில் பார்ப்பாராம்” என்றாள் மிதுஷா ஆங்கிலத்தில்.

மழை நடுவழியில் விழுந்துவிட்டது. அவள் வேண்டுமென்று செய்ததாகக்கூட இல்லை. பதினாறு வருடமாக அப்பாவின் பேச்சை அப்படித்தான் அவள் துடைத்துத் துடைத்து மற்றவர்களிடம் கொடுத்து வந்தாள். ஜூடித் ஒரு சரி போட்டார்.

ஏழு, எட்டு போயின.

“ஒன்பது” என்றார் ஜூடித். “கூட்டுக்குள் நீர்நாய் ஒன்றைக் கண்டால் என்ன செய்வீர்கள்?”

யனுஷன் சுவரில் தொங்கிய ஆற்றுப் படத்தைப் பார்த்தான். மிதுஷா தமிழில் கேட்டாள். தன் குரல் சாதாரணமாக இருந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

குகதாசன் தடியை மேசையில் சாய்த்து வைத்தார். பிறகு மகளைப் பார்க்காமல், ஜூடித்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார். வெள்ளம், கழன்ற தகடு, சரிந்த மிதவை, வால், விரல், வில்லோ மரம். ஒன்றையும் விடவில்லை. தகடு எதற்கென்று இன்று காலைதான் தெரியும் என்றும் சொன்னார். நீளமாகச் சொன்னார். ஜூடித் ஒரு சொல்லும் விளங்காமல், மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு இருந்தார்.

சொல்லி முடித்து, “சொல்லு பிள்ளை” என்றார்.

மிதுஷா வாயைத் திறந்தாள்.

“தான் அதைத் தொடமாட்டாராம். அட்டையின் பின்னால் உள்ள இலக்கத்துக்கு உடனே அழைப்பாராம்.”

மூன்று வருடத்துக்கு முன் அவள் தெரிவு செய்த விடை. சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தது.

“நல்லது” என்று ஜூடித் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனார்.

“நோ, மேடம்.”

குகதாசன் ஆங்கிலத்தில் பேசினார். “டெட். ஐ பரி. ஐ நோ டெலிபோன்.”

செத்திருந்தது, நானே புதைத்தேன், ஒருவருக்கும் அழைக்கவில்லை. அவர் ஆங்கிலம் பேசி மிதுஷா கேட்டது குறைவு. பேச அவள் விட்டதும் குறைவு. தான் சொன்னதை அவர் எவ்வளவு விளங்கிக்கொண்டார்? இன்று மட்டுமா? வங்கி அழைப்புகளிலும் விளங்கியதா?

ஜூடித்தின் முகம் மாறியது. கோப்பைப் புரட்டினார்.

“ஆனால் மிஸ்டர் குகதாசன், பரீட்சையில் இதற்குச் சரியாக எழுதியிருக்கிறீர்களே. தகட்டைப் பற்றிய கேள்விக்கும்.”

குகதாசன் மகளின் பக்கம் திரும்பவில்லை.

“ஐ ஃபொகெட்” என்றார்.

மறந்துவிட்டாராம். ஒருநாளும் பார்க்காததை அவர் எப்படி மறப்பார். எழுபது வயதை எட்டப்போகிற மனிதர், தெரிந்துகொண்டே குற்றம் செய்தவராகத் தன்னை எழுதச் சொல்லிக்கொண்டு இருந்தார். மிதுஷாவின் பெயர் அந்த அறைக்குள் வராமல் இருக்க அவருக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்தது.

“பரீட்சையை எழுதினது நான்” என்றாள் மிதுஷா. ஆங்கிலத்தில். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

ஜூடித் பேனாவை வைத்தார். “ஏன்?”

“அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.”

அந்த வசனத்தை இதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருட வேலையும் அதைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான். இப்போது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் யனுஷனுக்கும் முன்னால் சொல்லியாயிற்று. குகதாசன் யன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய கழுத்து கறுத்துச் சிவந்தது. தன் பிழையைச் சொல்லும்போது நிமிர்ந்து இருந்தவர், இப்போது குனிந்து தன் முழங்காலைத் தடவினார்.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று அவள் நினைத்திருந்தாள். பாதி அப்பாவின் தலையில் இறங்கியதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்டிருந்தால், ஏற்பாடு செய்திருப்போம்” என்றார் ஜூடித். குரலில் கோபம் இல்லை. “கேட்பதற்கென்று படிவத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம் இருந்தது.”

இருந்தது. மிதுஷாவுக்கு நினைவிருந்தது. ‘உதவி தேவையில்லை’ என்பதில் அவள்தான் அடையாளம் போட்டாள்.

“அட்டையை இப்போது நான் எடுத்துக்கொள்ள வேண்டும். நீர்நாயைப் பற்றியும் மேலிடத்துக்கு எழுத வேண்டும்.”

மிதுஷா மொழிபெயர்க்கத் திரும்பினாள். அதற்குள் குகதாசன் சட்டைப்பையில் இருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். அவருடைய படம். அதன் கீழே அவள் வைத்த கையெழுத்து.

“யனுஷன் வகுப்புக்குப் போனவன்” என்றாள் மிதுஷா அவசரமாக. “தகடு எதற்கென்று இன்று காலை அவன்தான் சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரியும். அவனுக்கு இதனால் ஒன்றும் ஆகாதுதானே?”

“அவருடைய பயிற்சி அவருடையது” என்றார் ஜூடித். “அதைத் தனியாகத்தான் பார்ப்போம்.” செவ்வாய்க்கிழமை யனுஷனிடம் இருந்து வந்த விடைத்தாளை எடுத்து, குகதாசனின் பெயரில் இருந்த பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினார். நடுவைத் தாண்டியதும் விரல் மெதுவானது. பிறகு நின்றது. இரண்டாவது தாளிலும் அதே இடத்தில் நின்றது.

“இதிலும் முப்பத்தொன்பது” என்றார் ஜூடித். “இதிலும் பிழை முப்பத்தொன்றில்தான்.”

மிதுஷாவுக்கு மடிக்கணினியில் இருந்த ‘அப்பா’ கோப்புறை நினைவுக்கு வந்தது. யனுஷனைப் பார்த்தாள். அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டு, பதினான்கு திறப்புகளையும் சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.